மேட்டில் மட்டும் தட்டும் கார்

"என் ஒர்க்ஷாப்புக்குள்ளேயே ஒரு திருடன் இருக்கான்," என்றார் டாக்டர். "ஆனா எதையும் திருடலை. அதுதான் எனக்குப் புரியலை."

இந்த டாக்டர் ஊசி போடுகிறவர் இல்லை. பழைய கார்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே எந்த உறுப்புக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். அப்படி வந்த பட்டம் அது. பழைய கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் பெண்டாட்டி பேச்சைத் தட்டினாலும் தட்டுவார்கள், அவர் பேச்சைத் தட்ட மாட்டார்கள். போன மாதம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் தரப்பில் பாஸும் நானும். பாஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்வையிட்டு, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தே தலை நரைத்த பெண்மணி. ஓய்வு பெற்றார், அவருடைய சந்தேகம் ஓய்வு பெற மறுத்துவிட்டது. அதனால் துப்பறியும் ஏஜென்சி. நான் உதவியாளன். என்னை அவர் கூப்பிடுவது 'வாயாடி' என்று. அந்தப் பெயர் வேண்டாம் என்று விரிவாக ஆட்சேபித்தேன். ஆட்சேபணையின் நீளத்தைப் பார்த்து அதையே நிரந்தரமாக்கிவிட்டார்.

"முதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் பாஸ்.

டாக்டர் நடுவில் நின்ற காரின் பானட்டைத் தட்டினார். வெண்ணெய் நிறம், உருண்ட மட்கார்டு, முகத்தில் இரண்டு பெரிய விளக்குகள். என் வயதுக்கு முன்னாலேயே ரிட்டயர் ஆகியிருக்க வேண்டிய வண்டி.

"மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்காரே, அவரோடது. இன்ஜினை முழுசாப் பிரிச்சு, புதுசு பண்ணிக் குடுத்தேன். ஓட்டிப் பார்த்தேன், சுத்தமா இருந்துச்சு. எடுத்துட்டுப் போனவர் மறுநாளே வந்து நிக்கிறார். மேடு ஏறினா இன்ஜின் தட்டுதாம். நான் ஓட்டினா ஒண்ணுமில்லை. சரி, பெரிய மனுஷன் சொல்றாரேன்னு டைமிங்கை மறுபடி பார்த்து வச்சுக் குடுத்தேன். திரும்பவும் வந்துட்டார். இப்ப இன்னும் ஜாஸ்தியாத் தட்டுதுங்கறார்."

"இன்னும் ஜாஸ்தியா?"

"ஆமா. என் கையில இருக்கறப்ப நல்லா இருக்கு. அவர் கைக்குப் போனா தட்டுது. அப்ப நடுவுல யாரோ கை வைக்கிறாங்கன்னுதானே அர்த்தம்?"

"அவர் போடற பெட்ரோல் மட்டமா இருக்கலாமே," என்றேன்.

"அவர்கிட்ட இன்னொரு பழைய வண்டி இருக்கு தம்பி. ரெண்டுக்கும் ஒரே பங்க்லதான் போடறார். அது தட்டலை."

"பேரிங்?" என்றார் பாஸ்.

டாக்டர் இதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை, அவமானமாக எடுத்துக்கொண்டார். பானட்டைத் தூக்கினார், இன்ஜினைக் கிளப்பினார். ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். "பேரிங் போயிருந்தா கீழே இருந்து கனமா இடிக்கும். அந்த சிலிண்டர் ஒயரைக் கழட்டினா இடி குறையும். கேளுங்க. இடியும் இல்லை, குறையறதுக்கும் ஒண்ணும் இல்லை." எங்களுக்கும் எதுவும் கேட்கவில்லை.

அப்போது வாசலில் ஒரு வேன் போனது. டாக்டர் தலையைக்கூடத் திருப்பவில்லை. "அந்த வேன்ல கீழ் பேரிங் போயிட்டிருக்கு. நடு ரோட்ல நிக்கப் போறான் பாருங்க," என்றார். எனக்கு வேன் போனது மட்டும்தான் கேட்டது. இந்த மனிதர் பக்கத்தில் நின்று யாரைப் பற்றியும் முணுமுணுக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

சுவரில் மாட்டியிருந்த போன் குருவி மாதிரி கீச்கீச்சென்றது. டாக்டர் அதன் அடியிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். பின்கட்டிலிருந்து இளைஞன் ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எடுத்தான். தொழிலில் பெரிய ஆளாகிவிட்டால் போனைக்கூட மதிக்க வேண்டாம் போலிருக்கிறது.

"இவன்தான் என் மச்சினன்," என்றார் டாக்டர், அவன் உள்ளே போகும் வரை காத்திருந்து. "திருடனும் இவன்தான்."

"எப்படிச் சொல்றீங்க?"

டாக்டர் இன்ஜின் பக்கவாட்டில் நிமிர்ந்து நின்ற மூடி போட்ட சாமானைக் காட்டினார். பிளக் ஒயர்கள் எல்லாம் அதன் தலையிலிருந்துதான் முளைத்தன. "இது டிஸ்ட்ரிபியூட்டர். எப்ப நெருப்புப் பொறி விழணும்னு இதுதான் சொல்லும், அதுதான் டைமிங். நட்டைத் தளர்த்திட்டு இதை லேசாத் திருப்பலாம். முன்னாடி திருப்பினா பொறி சீக்கிரம் விழும், வண்டிக்கு இழுவை வரும். ரொம்பத் திருப்பினா மேட்டுல தட்டும். நான் மெஷின் வச்சுப் பார்க்கறதில்லை. மேட்டுல ஏத்துவேன். லேசாத் தட்ட ஆரம்பிக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி திருப்புவேன். ஆரம்பிச்ச உடனே ஒரு மயிரிழை பின்னாடி. அவ்வளவுதான். காதுதான் மீட்டர்."

"மேட்டுக்குக் கூட யாரு வருவாங்க?"

"யாரும் வரக்கூடாது. பக்கத்துல ஆள் இருந்தா கவனம் கலையும். ஆரம்பத்துல இருந்தே தனியாத்தான்." குரலைத் தாழ்த்தினார். "நேத்து வச்சு முடிச்சதும் வெள்ளை பெயின்ட்ல கோடு ஒண்ணு போட்டேன். காலைல பார்த்தா கோடு விலகியிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன மேடம்? நான் வச்ச இடத்துல இல்லை. அது போதாதா?"

பாஸ் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாவி எங்கிட்ட ஒண்ணு, அவன்கிட்ட ஒண்ணு. எதிர்த்தெரு ஒர்க்ஷாப்காரன் இவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கான், எனக்குத் தெரியும். போறதுக்கு முன்னாடி என் பேரைக் கெடுத்துட்டுப் போகப் பார்க்கறான். நாளைக்குப் பழைய கார் சங்கத்து ஊர்வலம் மலைக்குப் போகுது. சாயங்காலம் கண்ணாடிக்கடைக்காரர் சங்கத்து ஆளுங்களோட வந்து வண்டியை எடுக்கறார். அதுக்குள்ள நீங்க எனக்குச் சாட்சியோட காட்டணும். காட்டிட்டா இவன் என் ஒர்க்ஷாப்லயும் இருக்கக்கூடாது, என் வீட்டுலயும் இருக்கக்கூடாது."

அவருடைய மனைவி டீயோடு பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் தோளைத் தொட்டுவிட்டுத்தான் டம்ளரை நீட்டினார். இந்தப் பேச்சு முழுவதும் அந்த அம்மாவின் காதில் விழுந்திருந்தது என்பது தம்பி போன பின்கட்டையே அவர் பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது. கணவன் ஒரு பக்கம், கூடப்பிறந்த தம்பி ஒரு பக்கம். எங்களுக்கு டீ கொடுக்கும்போது பாஸிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அவன் சின்னப் பையனா இருந்ததுல இருந்து எங்ககூடத்தாங்க இருக்கான். அவனுக்கு வேற வீடு கிடையாது."

டீ இறங்கவில்லை எனக்கு. நல்ல டீதான்.

ஆளைப் பிடிக்கப் பொறி வைப்பதில் பாஸுக்குப் புதுமை பிடிக்காது. டாக்டரைத் தனியாக மேட்டுக்கு அனுப்பி, டைமிங்கை அவர் இஷ்டப்படி வைத்துக்கொண்டு வரச் சொன்னார். அவர் திரும்பி வந்து, "சுத்தம்," என்றார். பாஸ் கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சுப் புட்டியை எடுத்தார். அவர் நகத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்கும் அதன் அடிக்கும் சேர்த்து நூல் போல ஒரு கோடு இழுத்தார்.

"எல்லாரும் சாப்பிடப் போறோம்," என்று ஒர்க்ஷாப் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். டாக்டர் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நாங்கள் உள்ளேயே, மூலையில் சீட்டெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்த ஒரு செத்த வேனுக்குள் குந்தினோம்.

"பாஸ், சாப்பாடு?"

"மாட்டினதுக்கு அப்புறம்."

"யார் மாட்டினதுக்கு அப்புறம்? என் முழங்கால் ஏற்கெனவே மாட்டிக்கிச்சு."

"வாயை மூடு."

கதவு திறந்தது. மச்சினன்தான். விளக்குப் போடவில்லை, கள்ளத்தனமாகச் சுற்றுமுற்றும் பார்க்கவும் இல்லை. பானட்டைத் தூக்கினான். குனிந்தவன் ஒரு கணம் நின்றான். சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டான் என்று எனக்குப் புரிந்தது. பக்கத்திலேயே பெட்ரோலில் நனைத்த துணி கிடந்தது. ஒரு துடைப்பு துடைத்திருந்தால் கோடு போயிருக்கும். அவன் துடைக்கவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு ஸ்பானரை எடுத்தான், நட்டைத் தளர்த்தினான், டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்பினான், மறுபடி இறுக்கினான்.

"அசையாதே," என்று எழுந்தேன். வேன் கூரை தலையில் இடித்தது.

"நீங்களா சார். எலின்னு நினைச்சேன்," என்றான் அவன்.

பாஸ் நிதானமாக இறங்கினார். "கோட்டைப் பார்த்தியா தம்பி?"

"பார்த்தேம்மா."

"பொறின்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சே ஏன் திருப்பினே?"

"திருப்பாம விட்டா நாளைக்கு மலை ஏறி முடிக்கறதுக்குள்ள பிஸ்டன் ஓட்டையாயிடும்மா." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். "நான்தான் செஞ்சேன். அத்தோட விட்டுடுங்க."

"வாயாடி, கோடு எந்தப் பக்கம் விலகியிருக்கு?"

குனிந்து பார்த்தேன். "பின்னாடி."

"பின்னாடி திருப்பினா என்ன ஆகும்? காலைல பாடம் கேட்டியே."

"பொறி லேட்டா விழும். தட்டறது நின்..." என் வாய் பாதியிலேயே நின்றுவிட்டது. அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. தட்ட வைக்க நினைக்கிறவன் முன்னால் அல்லவா திருப்ப வேண்டும்.

"அம்மா," என்றான் மச்சினன். "மாமாகிட்ட நான்தான்னு சொல்லிடுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க."

"வேற என்னப்பா இருக்கு?"

அவன் ஸ்பானரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தான். பாஸுக்குப் பதில் தேவைப்படவும் இல்லை என்று தோன்றியது. எனக்குத் தேவைப்பட்டது, ஆனால் என்னை யார் கேட்டார்கள்.

டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வளர்த்த பையன் திருடனாகிப் போன வேதனைதான் இருந்தது. அதை மறைக்கச் சத்தம் போட்டார். "போய் உன் துணியை எடுத்து வை. சாயங்காலம் அவர் முன்னாடி ஒத்துக்கிட்டு அப்படியே கிளம்பிடு."

"சரிங்க மாமா."

"டாக்டர்," என்றார் பாஸ், "அதுக்கு முன்னாடி எல்லாருமா ஒரு தடவை மேட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்."

"நான் யாரையும் ஏத்த மாட்டேன்னு சொன்னேனே."

"ரிப்போர்ட்டுக்கு வேணும்."

ரிப்போர்ட் என்ற வார்த்தைக்கு எதிராக யாருக்கும் வாதம் கிடையாது. டாக்டர் ஓட்ட, பாஸ் முன்னால் உட்கார, நானும் மச்சினனும் பின்னால் ஏறினோம். முதல் தடவை மச்சினன் வைத்தபடியே ஏறினோம். வண்டி முனகாமல் கொள்ளாமல் அதுபாட்டுக்கு ஏறியது.

"கட்டை வண்டி மாதிரி இருக்கு. இழுவையைக் கொன்னுட்டான்," என்றார் டாக்டர்.

"இப்ப நீங்க வச்ச இடத்துல வைங்க," என்றார் பாஸ்.

மேட்டடியில் நிறுத்தி, சிவப்புக் கோடு நேர்க்கோடாகும்படி டாக்டர் திருப்பி இறுக்கினார். மறுபடி ஏறினோம். பாதி மேட்டில் ஆரம்பித்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு யாரோ குலுக்குவது மாதிரி, மெல்லிசாக, விடாமல், பல் கூசும்படி. மேடு ஏற ஏற அதுவும் ஏறியது. நான் வாயைத் திறந்தேன். பாஸின் கை சீட்டைத் தாண்டி வந்து என் முழங்காலில் அழுந்தியது.

"பார்த்தீங்களா?" டாக்டர் பூரிப்போடு சொன்னார். "இதான் வண்டி. என்ன இழுவை, என்ன சுத்தம். இதுல போய்த் தட்டுதுங்கறார் மனுஷன்."

கூழாங்கல் குலுங்கிக்கொண்டே இருந்தது. பாராட்டு வராததால் டாக்டர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மச்சினன் முகத்தைப் பார்த்தார். அவன் தன்னையே யாரோ அடிப்பது போலக் கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

உச்சியில் வண்டி நின்றது. இன்ஜினையும் அணைத்தார்.

"என்ன?"

"தட்டுது டாக்டர்," என்றார் பாஸ். "பாதி மேட்டுல இருந்து தட்டுது."

"இல்லையே."

"காலைல போன் அடிச்சப்ப அதுக்குக் கீழேதான் நின்னீங்க. அதுவும் உங்களுக்குக் கேட்கலை. உங்க வீட்டம்மா உங்களைத் தொட்டுட்டுத்தான் டீ குடுக்கறாங்க. கனமான சத்தம் எங்களைவிட உங்களுக்கு நல்லாக் கேட்குது. மெல்லிசாக் கீச்சுன்னு இருக்கறது மட்டும்தான் போயிருக்கு. எத்தனை வருஷமா இன்ஜின் பக்கத்துலயே தலையை வச்சிருக்கீங்க. தட்டற வரைக்கும் திருப்புவேன்னீங்க. அது உங்க காதுக்கு வந்து சேர்றதுக்குள்ள மத்த எல்லார் காதையும் தாண்டிப் போயிடுது. அதான் ஒவ்வொரு தடவையும் ஜாஸ்தி."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு யாராவது இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்று தேடுகிற பார்வை. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். தட்டுகிறது என்று தலையை மட்டும் ஆட்டினேன். அப்படி ஆட்ட வேண்டியிருந்ததற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

"உனக்கு எப்படா தெரியும்?" மச்சினனைக் கேட்டார்.

"வண்டி ரெண்டாவது தடவை வந்தப்ப. நீங்க இறங்கினதும் நான் ஓட்டிப் பார்த்தேன் மாமா."

"ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? அவங்க எல்லாரும் உங்க காதை நம்பித்தான் வர்றாங்க. அது போச்சுன்னா..." பின் சீட்டில் முன்னால் நகர்ந்து வந்தான். "சாயங்காலம் நான்தான் திருப்பினேன்னு சொல்லிடறேன் மாமா. எதிர்த்தெருவுல நிஜமாவே கூப்பிட்டிருக்காங்க. நான் போயிடறேன். நீங்க மெஷின் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்."

டாக்டர் வண்டியைத் திருப்பினார். இறக்கத்தில் இன்ஜின் தட்டவில்லை. தட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது, அவ்வளவு அமைதி.

ஒர்க்ஷாப் வாசலில் பாஸைத் தனியாக இழுத்தேன். "கண்ணாடிக்கடைக்காரர்கிட்ட யார் சொல்றது? நாமதானே?"

"நம்மளை வச்சது டாக்டர். ஆள் யாருன்னு அவர்கிட்ட சொல்லியாச்சு. வேலை முடிஞ்சுது."

"அவர் பையனைக் காட்டிக் குடுத்துட்டா?"

"அதைத் தடுக்க நமக்கு வழி இல்லை வாயாடி." பாஸ் இப்படித் தரையைப் பார்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

சாயங்காலம் கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். கூடவே சங்கத்து ஆட்கள், ஆளுக்கொரு பழைய வண்டியில். எல்லோருமே டாக்டரின் வாடிக்கைக்காரர்கள். ஒரே ஒரு வார்த்தையில் மொத்தமாக எதிர்த்தெருவுக்குப் போய்விடக்கூடிய கூட்டம். மச்சினன் துணிப்பையோடு தூணோரம் நின்றான். அவன் அக்கா அவனுக்கும் கணவனுக்கும் நடுவில், யார் பக்கம் போவது என்று தெரியாத தூரத்தில் நின்றார்.

"துப்பறியறவங்களை எல்லாம் கூப்பிட்டீங்களாமே," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "யாருன்னு தெரிஞ்சுதா?"

மச்சினன் ஓர் அடி முன்னால் வந்தான். "சார், நான்தான்..."

"நீ சும்மா இருடா," என்றார் டாக்டர்.

கையிலிருந்த துணியை மடித்து பானட் மேல் வைத்தார். தேவையில்லாமல் இன்னொரு முறையும் மடித்தார்.

"தட்டுதுன்னு நீங்க சொன்னது சரிங்க. இல்லைன்னு நான்தான் சாதிச்சேன். வண்டில கோளாறு இல்லை. என் காதுலதான். எனக்கு அந்தச் சத்தம் கேட்கலை. கேட்காமலே திருப்பித் திருப்பி நான்தான் கெடுத்தேன். இவன் எனக்குத் தெரியாம நேத்தும் இன்னிக்கும் சரி பண்ணப் பார்த்திருக்கான். அவனைப் போய்த் திருடன்னு சொல்லி, இவங்களை வேற வச்சு, பொறி வச்சுப் பிடிச்சேன்."

சங்கத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடிக்கடைக்காரர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என் கடைக்கு வர்றவங்க யாருமே கண்ணு சரியில்லைன்னு வர்றதில்லை," என்றார். "எல்லாரும் பேப்பர்ல அச்சு சரியில்லைன்னுதான் வருவாங்க. நீங்க பரவாயில்லை, நாலு தடவைக்குள்ள ஒத்துக்கிட்டீங்க." அப்புறம் காரைச் சுற்றி வந்தார். "சரி, நாளைக்கு மலைக்குப் போகலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்க."

"அவனைக் கேளுங்க," என்றார் டாக்டர். "இனிமே டைமிங் அவன்தான் வைப்பான். நான் தொடக்கூட மாட்டேன்."

எல்லோரும் மச்சினனைப் பார்த்தார்கள். ஒரு கையில் துணிப்பை, மறு கையால் கண்ணைத் துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

அக்கா போய் அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.